டெக்ஸாஸில் வீட்டு வரிப் பதிவேடு: தேடுவது எப்படி, படிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டாலஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் பக்கம் வீடு வாங்கிய தமிழ்க் குடும்பங்களுக்கு ஏப்ரல் பிறந்தாலே வரிக் கவலையும் பிறந்துவிடும். அப்போது வழக்கமாக வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். அமெரிக்காவில் சொத்து வரி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இங்கே சொல்வதெல்லாம் டெக்ஸாஸுக்கு மட்டுமே பொருந்தும்.

ஒன்றை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு மதிப்புப் போடுவது ஓர் அலுவலகம், வரிப் பணத்தை வாங்குவது வேறோர் அலுவலகம். இரண்டுக்கும் தனித்தனிப் பதிவேடு இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறையாவது இரண்டையும் திறந்து பார்ப்பவர்களுக்குப் பெரிய அதிர்ச்சி எதுவும் வருவதில்லை.

என் வீட்டின் பதிவு எந்தத் தளத்தில் இருக்கும்?

மதிப்பு, வரி விலக்கு, வீட்டின் சதுர அடி, பழைய மதிப்புகள் ஆகியவை வேண்டுமென்றால் உங்கள் கவுண்ட்டியில் மதிப்புப் போடும் அலுவலகமான அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் தளத்துக்குப் போங்கள். பில் எவ்வளவு, கட்டியாகிவிட்டதா, எந்தத் தேதியில், யார் கட்டினார்கள் என்பதற்குக் கவுண்ட்டி வரி அலுவலகத்தின் தளம். வரி அலுவலகத் தலைவரின் பதவிப் பெயரில் ‘அசெஸர்’ (மதிப்பிடுபவர்) என்ற சொல் இருப்பதால், மதிப்பைக் குறைக்கச் சொல்லி அங்கே போய் நிற்பவர்கள் உண்டு. உங்கள் வீட்டின் மதிப்பில் அவருக்குக் கையில்லை.

டெக்ஸாஸில் 254 கவுண்ட்டிகள் இருக்கின்றன, அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் 253. பாட்டர், ராண்டல் என்ற இரண்டு கவுண்ட்டிகளுக்கு மட்டும் பொதுவாக ஒன்று. மாநில கம்ப்ட்ரோலர் (நிதிக் கணக்கு அதிகாரி) அலுவலகத் தளத்தில் எல்லாவற்றுக்கும் சேர்த்து முகவரிப் பட்டியல் இருக்கிறது. கூகுளில் தேடினால் விளம்பரமாக முதலில் வந்து நிற்பவை பெரும்பாலும் தனியார் தளங்கள். பதிவைப் பார்க்கப் பணம் கேட்டால் மூடிவிட்டு வெளியே வாருங்கள். அரசுப் பதிவைப் பார்க்க ஒரு காசும் வேண்டாம்.

எந்தக் கவுண்ட்டி என்பதில் கவனம் தேவை. ஃப்ரிஸ்கோ நகரம் காலின், டென்டன் என இரண்டு கவுண்ட்டியில் கிடக்கிறது. கேட்டி பள்ளி மாவட்டம் (அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்பு) ஹாரிஸ், ஃபோர்ட் பெண்ட், வாலர் என மூன்றில் பரவியிருக்கிறது. ஊர்ப் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். வீடு வாங்கியபோது கையெழுத்திட்ட பத்திரத்தில் கவுண்ட்டியின் பெயர் இருக்கும்.

பெயரைப் போட்டுத் தேடினால் எதுவும் வரவில்லையே?

நம்மவர்களுக்கே உரிய சிக்கல் இது. பதிவேட்டில் கடைசிப் பெயர்தான் முதலில் வரும். நம் பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயர் பெரும்பாலும் அப்பாவின் பெயர். கதிர் என்பவரின் அப்பா சண்முகம் என்றால், பதிவில் ‘சண்முகம் கதிர்’ என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு முதல் பெயர் இடத்தில் ‘எஃப்என்யு’ (முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம்) என்று விழுந்திருக்கலாம். கணவன் மனைவி இருவர் பெயரிலும் வாங்கியிருந்தால் முதலில் எழுதப்பட்டவர் பெயரில் தேட வேண்டியிருக்கும்.

முகவரியை வைத்துத் தேடுவது சுலபம். அதிலும் வீட்டு எண்ணையும் தெருப் பெயரின் முக்கியமான சொல்லையும் மட்டும் போடுங்கள். டிரைவ், லேன், கோர்ட் போன்ற ஒட்டுகளை விட்டுவிடுங்கள். பல தளங்கள் அவற்றைச் சுருக்கி வைத்திருப்பதால் முழுதாகத் தட்டினால் தடுக்கும். பதிவு கிடைத்ததும் ப்ராப்பர்ட்டி ஐடி எண்ணைக் குறித்து வையுங்கள். அடுத்த முறை அந்த எண் போதும்.

பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் பதறவேண்டாம், ஆனால் விட்டுவிடவும் வேண்டாம். பிழை பத்திரத்திலேயே இருக்கிறதா, பத்திரத்தைப் பார்த்துப் பதிவேற்றியபோது வந்ததா என்று முதலில் பாருங்கள். பத்திரத்தில் இருந்தால், வீடு வாங்கும்போது உரிமையைச் சரிபார்த்துக் கொடுத்த டைட்டில் கம்பெனி மூலம் திருத்தப் பத்திரம் போட வேண்டும். பதிவேற்றத்தில் வந்தது என்றால் அப்ரைசல் டிஸ்ட்ரிக்டுக்கு எழுதிக் கேட்டால் சரிசெய்வார்கள்.

பக்கம் முழுக்க எண்களாக இருக்கிறது. எதை எப்படிப் படிப்பது?

மேலிருந்து வருவோம். முதலில் உரிமையாளர் பெயர், அஞ்சல் முகவரி. அஞ்சல் முகவரி பழைய அபார்ட்மென்டாகவே இருந்தால் நோட்டீஸ் எல்லாம் அங்கேதான் போகும். உடனே மாற்றுங்கள். அடுத்து சட்ட விவரிப்பு: குடியிருப்பின் பெயர், ஃபேஸ், பிளாக், லாட் எண். நம்மூர் சர்வே எண் செய்யும் வேலையை இங்கே இது செய்கிறது.

அதன் பிறகு மதிப்புகள். நிலத்துக்குத் தனி, கட்டடத்துக்குத் தனி, இரண்டும் சேர்ந்தது சந்தை மதிப்பு. சந்தை மதிப்புக்குக் கீழே ‘கேப்’ (ஆண்டு உயர்வுக்கான உச்சவரம்பு) என்ற பெயரில் ஒரு கழிவு இருக்கலாம். அது போக மிஞ்சுவது மதிப்பிடப்பட்ட தொகை. அதிலிருந்து விலக்குகளைக் கழித்தால் வரி விதிக்கப்படும் தொகை. வரி விகிதம் அந்தக் கடைசித் தொகையில் ஒவ்வொரு 100 டாலருக்கும் இவ்வளவு என்று இருக்கும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நீங்கள் குடியிருக்கும் வீடு, ஹோம்ஸ்டெட் (குடியிருக்கும் சொந்த வீட்டுக்கான வரி விலக்கு) பதிவாகிப் பல ஆண்டு ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். போன ஆண்டு மதிப்பிடப்பட்ட தொகை 4,80,000 டாலர். இந்த ஆண்டு சந்தை மதிப்பு 5,60,000 என்று நோட்டீஸ் வருகிறது. ஹோம்ஸ்டெட் வீட்டுக்கு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் கூட்ட முடியாது. ஆகவே 5,28,000-தான் செல்லும். மீதி 32,000 கேப் கழிவு. பள்ளி வரிக்கு 1,40,000 விலக்கு போக 3,88,000. பள்ளி விகிதம் 100 டாலருக்கு 1.05 என்றால் பள்ளி வரி 4,074 டாலர். கவுண்ட்டி, நகரம், கல்லூரி ஒவ்வொன்றுக்கும் விலக்கு வேறு, விகிதம் வேறு. அதனால்தான் ஒரே வீட்டுக்கு வரி விதிக்கப்படும் தொகை நான்கு இடத்தில் நான்கு எண்ணாக நிற்கிறது. அது பிழையில்லை.

கட்டட விவரம் என்ற பகுதியைத் தவறாமல் திறந்து பாருங்கள். சதுர அடி, கட்டிய ஆண்டு, நீச்சல் குளம், மாடி எல்லாம் அங்கே இருக்கும். இல்லாத குளத்துக்கும், கூடுதலாக விழுந்த சதுர அடிக்கும் ஆண்டுதோறும் வரி கட்டிக்கொண்டிருப்பதைவிட, பில்டர் தந்த பிளானையும் புகைப்படத்தையும் காட்டித் திருத்திக்கொள்வது எவ்வளவோ மேல்.

இந்தப் பணம் டெக்ஸாஸ் மாநில அரசுக்குப் போகிறதா?

இல்லை. மாநில அளவிலான சொத்து வரியை 1982-இல் அரசியல் சட்டத் திருத்தம் மூலமே நீக்கிவிட்டார்கள். மொத்தமும் உள்ளூர் அமைப்புகளுக்குத்தான். அதில் பெரும்பங்கு பள்ளி மாவட்டத்துக்கு.

எந்தெந்த அமைப்புகள் உங்களிடம் வரி வாங்குகின்றன என்பதும் பதிவேட்டில் இருக்கும். இதை வீடு வாங்கும் முன்பே பார்க்க வேண்டும். பிளேனோவில் வீடு என்றால் பிளேனோ பள்ளி மாவட்டம்தான் என்று நினைத்துக்கொள்வோம். பிளேனோ நகரின் ஒரு பகுதி ஃப்ரிஸ்கோ பள்ளி மாவட்டத்தில் இருக்கிறது. ஹூஸ்டன் பக்கம் ‘கேட்டி’ என்று முகவரி உள்ள வீடுகளில் பெரும்பாலானவை கேட்டி நகர எல்லைக்கு வெளியே இருக்கின்றன. அங்கே நகர வரி இருக்காது, அதற்குப் பதில் தண்ணீர், சாக்கடை வசதிக்காக ‘மட்’ என்ற அமைப்பின் வரி இருக்கும்.

மட் வரியைக் கவுண்ட்டி அலுவலகம் வசூலிக்காமல் வேறொரு வசூல் அலுவலகம் தனி பில்லாக அனுப்புவது ஹூஸ்டன் பக்கம் சகஜம். கவுண்ட்டி பில்லைக் கட்டிவிட்டு எல்லாம் முடிந்தது என்று இருந்துவிட்டால் மட் வரி பாக்கி நிற்கும். புதிய குடியிருப்புகள் சிலவற்றில் ‘பிஐடி’ என்ற கட்டணமும் உண்டு. சாலை, பூங்கா போட்ட செலவைத் தவணையாக வாங்குவது அது. பெரும்பாலும் அதில் ஹோம்ஸ்டெட் விலக்கு உதவாது.

அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் பதிவு, நம்மூர் பட்டா மாதிரி உரிமைக்குச் சான்றா?

இல்லை. சென்னையில் வீட்டு வரி ரசீது உங்கள் பெயரில் இருப்பதால் மட்டும் வீடு உங்களுடையது என்று ஆகிவிடாதே, அதே கதைதான் இங்கேயும். உரிமைக்கு ஆதாரம் பத்திரம். அது பதிவாகியிருப்பது மூன்றாவதாக ஓர் அலுவலகத்தில்: கவுண்ட்டி கிளார்க். நம்மூர் சார்பதிவாளர் அலுவலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பத்திரத்தின் பதிவு எண் அப்ரைசல் பக்கத்தின் அடியில் இருக்கும். அதை வைத்துக் கிளார்க் தளத்தில் தேடலாம். வில்லங்கச் சான்றிதழ் போல அரசே ஒரு காகிதம் தருவது இங்கே வழக்கமில்லை. டைட்டில் கம்பெனி தேடிப் பார்த்து, காப்பீடும் தருகிறது.

பக்கத்து வீடு என்ன விலைக்குப் போனது என்று பதிவில் பார்க்க முடியுமா?

முடியாது. டெக்ஸாஸில் விற்பனை விலையை அரசுக்குச் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. பத்திரத்தில்கூட 10 டாலரும் பிற மதிப்புள்ள பிரதிபலனும் என்றே பெரும்பாலும் எழுதியிருக்கும். பக்கத்து வீட்டின் மதிப்பிடப்பட்ட தொகை, சதுர அடி, விலக்கு எல்லாம் தெரியும். விற்ற விலை தெரியாது. உங்கள் பதிவும் அப்படியே எல்லார் கண்ணுக்கும் தெரியும். ஆனால் வீட்டின் புகைப்படம், தரைத்தள வரைபடம், உரிமையாளரின் வயது ஆகியவற்றை இணையத்தில் போடச் சட்டம் தடை செய்கிறது. நீதிபதிகள், காவல்துறையினர் போன்ற சிலர் கேட்டுக்கொண்டால் அவர்களது விவரத்தையும் மறைத்து வைப்பார்கள்.

ஹோம்ஸ்டெட் பதிவாகியிருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஹெச்1பி விசாவில் இருப்பவருக்கும் கிடைக்குமா?

பதிவில் விலக்குகள் என்ற இடத்தில் ‘ஹெச்எஸ்’ என்றோ ஹோம்ஸ்டெட் என்றோ இருக்க வேண்டும். காலியாக இருந்தால் உங்களுக்கு விலக்கு இல்லை. இதைவிட முக்கியமான ஓர் இடம் அந்தப் பக்கத்திலேயே கிடையாது என்பேன். பள்ளி வரிக்கான விலக்கு 40,000 டாலராக இருந்தது. 2023 நவம்பர் வாக்கெடுப்பில் 1,00,000 ஆனது. 2025 நவம்பர் வாக்கெடுப்பில் 1,40,000 ஆனது. 10 சதவீத கேப்பும் இதை ஒட்டித்தான் வருகிறது.

விசாவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. வீடு உங்கள் பெயரில் இருக்க வேண்டும், அதுவே நீங்கள் குடியிருக்கும் முதன்மை வீடாக இருக்க வேண்டும். டெக்ஸாஸ் ஓட்டுநர் உரிமத்தில் அந்த வீட்டு முகவரி இருக்க வேண்டும். வீடு மாறியதும் முதல் வேலையாக உரிமத்தில் முகவரியை மாற்றுங்கள். படிவ எண் 50-114, கொடுக்கவேண்டிய இடம் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட், கட்டணம் எதுவும் இல்லை. வீடு வாங்கிய சில வாரங்களில் அரசுக் கடிதம் போன்ற தோற்றத்தில், பணம் கொடுத்தால் ஹோம்ஸ்டெட் பதிந்து தருகிறோம் என்று தபால் வரும். குப்பையில் போடுங்கள்.

இத்தனை ஆண்டு தெரியாமல் விட்டுவிட்டேன் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. அந்த ஆண்டு வரியின் கெடு தாண்டி 2 ஆண்டு வரை பின்தேதியிட்டு விண்ணப்பிக்கலாம். கூடுதலாகக் கட்டிய பணம் திரும்ப வரும்.

ஒருமுறை பதிந்தால் போதும் என்ற பேச்சு இப்போது முழு உண்மையில்லை. 2023-இல் வந்த சட்டப்படி, 5 ஆண்டுக்கு ஒருமுறையாவது அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் ஒவ்வொரு ஹோம்ஸ்டெட்டையும் சரிபார்க்க வேண்டும். அதற்கான கடிதம் வந்து, பதில் போகாவிட்டால் விலக்கு நீங்கிவிடலாம். கோடை விடுமுறைக்கு இரண்டு மாதம் ஊருக்குப் போயிருக்கும்போது அந்தக் கடிதம் வந்து தபால் பெட்டியில் கிடந்தால்? அதனால்தான் ஆண்டுதோறும் பதிவில் அந்த ஓர் இடத்தைப் பாருங்கள் என்கிறேன். ஊருக்குப் போய்வருவதால் விலக்கு போய்விடாது. திரும்பி வரும் எண்ணத்தோடு, வேறெங்கும் முதன்மை வீடு வைத்துக்கொள்ளாமல், 2 ஆண்டுக்குக் குறைவாக வெளியே இருந்தால் செல்லும்.

அப்பா, அம்மா 65 வயது தாண்டி எங்களோடு இருக்கிறார்கள். மூத்தோர் விலக்கு கிடைக்குமா?

பத்திரத்தில் அவர்கள் பெயர் இல்லாவிட்டால் கிடைக்காது. இது உரிமையாளரின் வயதைப் பொறுத்தது. உரிமையாளருக்கு 65 ஆனால் பள்ளி வரியில் கூடுதலாக 60,000 விலக்கு கிடைக்கும், பள்ளி வரித் தொகைக்கே ஓர் உச்சவரம்பும் விழும்.

வீட்டை விற்பவர் 6,000 டாலர்தான் வரி கட்டியிருக்கிறார். நானும் அவ்வளவுதானே கட்டுவேன்?

இந்த நம்பிக்கையில் வீடு வாங்கிவிடாதீர்கள். அவருடைய கேப் அவரோடு போய்விடும். பத்து ஆண்டு அந்த வீட்டில் இருந்தவர் என்றால் அவருடைய மதிப்பிடப்பட்ட தொகை சந்தை மதிப்பைவிட வெகுவாகக் கீழே இருக்கலாம். அவர் 65 தாண்டியவர் என்றால் பள்ளி வரி உறைந்து நின்றிருக்கும். நீங்கள் வாங்கியதற்கு அடுத்த ஜனவரி 1 அன்று மதிப்பு சந்தை நிலைக்கு ஏறிவிடும். உங்களுக்கான கேப், நீங்கள் ஹோம்ஸ்டெட் தகுதி பெற்ற முதல் ஆண்டுக்கு அடுத்த ஆண்டில்தான் தொடங்கும்.

ஆகவே பதிவில் ‘கட்டிய வரி’யைப் பார்க்காமல், சந்தை மதிப்பையும் எல்லா அமைப்புகளின் விகிதங்களையும் எடுத்து நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

புது வீடு. முதல் ஆண்டு வரி குறைவாக வந்தது, அடுத்த ஆண்டு மாதத் தவணை 1,500 டாலர் ஏறிவிட்டது. என்ன நடந்தது?

டாலஸுக்கு வடக்கே செலினா, பிராஸ்பர் பக்கம் புதிதாகக் கட்டிய வீடு வாங்கிய பல குடும்பங்களை உலுக்கிய விஷயம் இது. மதிப்பு போடுவது ஜனவரி 1 அன்று இருந்த நிலைக்கு. அன்று உங்கள் வீடு வெறும் மனையாக இருந்திருந்தால், அந்த ஆண்டு முழுக்க மனைக்கு மட்டும்தான் வரி.

மனை மதிப்பு 1,20,000, எல்லா அமைப்புக்கும் சேர்த்து விகிதம் 100-க்கு 2.20 என்றால் வரி 2,640. கடன் கொடுத்த நிறுவனம் இதை வைத்து எஸ்க்ரோவில் (வரி கட்டுவதற்காகத் தவணையோடு பிடித்து வைக்கும் கணக்கு) மாதம் 220 டாலர் பிடிக்கிறது. அடுத்த ஆண்டு வீடு முழுதாக 6,00,000-க்கு மதிப்பாகிறது. பள்ளி விலக்கு கழித்தும் பில் ஏறத்தாழ 11,660. நிறுவனம் கட்டிவிடுகிறது, எஸ்க்ரோவில் 9,020 பள்ளம். அந்தப் பள்ளத்தை 12 மாதத்தில் நிரப்ப மாதம் 750-க்கு மேல், இனி வரும் வரிக்காகக் கூடுதலாக அதே அளவு. கூட்டினால் 1,500.

யாரும் ஏமாற்றவில்லை, ஆனால் யாரும் முன்கூட்டி எடுத்துச் சொல்வதும் இல்லை. பதிவேட்டில் கட்டட மதிப்பு பூஜ்யம் என்றோ மிகக் குறைவாகவோ இருந்தால், வரப்போவதை இப்போதே கணக்குப் போட்டு மாதாமாதம் தனியாக எடுத்து வையுங்கள். எஸ்க்ரோ தொகையை முன்பே கூட்டச் சொல்லியும் கடன் நிறுவனத்திடம் கேட்கலாம்.

மதிப்பு அதிகம் என்று தோன்றினால்?

ப்ரொட்டஸ்ட், அதாவது ஆட்சேபம் போடலாம். கெடு மே 15, அல்லது நோட்டீஸ் அனுப்பப்பட்டதிலிருந்து 30 நாள், இரண்டில் எது பிந்தியதோ அது. படிவம் 50-132, பல டிஸ்ட்ரிக்டுகளில் இணையத்திலேயே போடலாம். போடும்போது அவர்கள் கையில் உள்ள ஆதாரத்தையும் கேட்டு வாங்குங்கள். முதலில் அலுவலரோடு பேச்சு, அங்கே தீராவிட்டால் மறுஆய்வுக் குழுவின் முன் விசாரணை. விற்பனை விலை பதிவில் இல்லாத ஊரில், அவர்கள் தரும் அந்த ஆதாரப் பொதிதான் உங்களுக்கு நல்ல ஆயுதம். உங்கள் தெருவிலேயே அதே அளவு, அதே ஆண்டு கட்டிய வீடுகளுக்குக் குறைவாகப் போட்டிருக்கிறார்களா என்று பதிவேட்டில் நீங்களே ஒப்பிட்டுப் பட்டியல் போடலாம். அதுவும் சட்டம் ஏற்கும் காரணம்.

போராடினால் மதிப்பை இன்னும் ஏற்றிவிடுவார்களோ என்று பயப்பட வேண்டாம். பதிவில் உள்ளதைவிடக் கூடுதலாகப் போட அந்தக் குழுவுக்கு அதிகாரமில்லை. ஒன்று மட்டும்: மேலே பார்த்த கணக்கில் சந்தை மதிப்பை 5,60,000-லிருந்து 5,40,000-ஆகக் குறைத்தாலும் இந்த ஆண்டு வரி ஒரு டாலரும் குறையாது. கேப் தொகை 5,28,000 ஏற்கெனவே கீழே இருக்கிறது.

பில் எப்போது வரும்? கடன் நிறுவனம் கட்டாமல் விட்டால் யார் பொறுப்பு?

அக்டோபர், நவம்பரில் வரும். ஜனவரி 31-க்குள் கட்ட வேண்டும். பிப்ரவரி 1 ஆனால் பாக்கி. அந்த மாதமே அபராதமும் வட்டியும் சேர்த்து 7 சதவீதம், மார்ச்சில் 9, ஏப்ரலில் 11 என்று ஏறும். ஜூலையில் 18 சதவீதம் ஆகி, வசூல் வழக்கறிஞர் கட்டணம் 20 சதவீதம் வரை மேலே சேரலாம். பில் வரவில்லை என்பதைச் சட்டம் காரணமாக ஏற்காது. எஸ்க்ரோவில் பணம் பிடித்த நிறுவனம் கட்டத் தவறினாலும் வரி உங்கள் வீட்டின் மீதுதான் நிற்கும்.

கடனை வேறு நிறுவனம் வாங்கிய ஆண்டில் கூடுதல் கவனம் தேவை. பழைய நிறுவனம் கட்டும் என்று புதியதும், புதியது கட்டும் என்று பழையதும் இருந்துவிட வாய்ப்புண்டு. ஜனவரி நடுவில் வரி அலுவலகத் தளத்தில் உங்கள் கணக்கைத் திறந்து, பாக்கி 0 என்று காட்டுகிறதா பாருங்கள். காட்டாவிட்டால் இரண்டு வாரம் கையில் இருக்கிறது. உடனே நிறுவனத்துக்குப் போன் போடுங்கள்.

வருமான வரிக் கணக்குக்கு எந்தக் காகிதம் வேண்டும்?

வரி அலுவலகத் தளத்தில் கிடைக்கும் கட்டண ரசீது. அப்ரைசல் நோட்டீஸில் இருப்பது மதிப்பீடு, கட்டிய தொகை இல்லை. எஸ்க்ரோவில் மாதாமாதம் நீங்கள் போட்டதும் கணக்கில் வராது. வரி அலுவலகத்துக்குப் பணம் போய்ச் சேர்ந்த தேதிதான் கணக்கு. நவம்பரில் வந்த பில்லை டிசம்பர் 31-க்குள் கட்டினால் அந்த ஆண்டில் காட்டலாம், ஜனவரியில் கட்டினால் அடுத்த ஆண்டில்தான். மாநில, உள்ளூர் வரிக் கழிவுக்கு 2018 முதல் 10,000 டாலராக இருந்த உச்சவரம்பு 2025-க்கு 40,000 ஆகியிருப்பதால், ஸ்டாண்டர்ட் டிடக்ஷனே (ரசீது காட்டாமல் கிடைக்கும் நிலையான கழிவு) போதும் என்று இதுவரை விட்டுவிட்டவர்களும் இப்போது ரசீதை எடுத்து ஒருமுறை கூட்டிப் பார்ப்பது நல்லது.